மூத்த பெட்டி

அந்த வீட்டில் இரண்டு பேர் காலால் சம்பாதித்தார்கள். தையல்காரி மெஷின் பெடலை மிதிப்பாள். அவள் புருஷன் கிட்டார்காரர், தரையில் ஒரு பலகை போட்டு, அதில் வரிசையாக ஒட்டிவைத்த சின்னச் சின்னப் பெட்டிகளை மிதிப்பார். ஒன்றை மிதித்தால் கிட்டார் கனத்துப் பேசும். இன்னொன்றை மிதித்தால் எதிரொலிக்கும். வேறொன்றை மிதித்தால் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் அலையும். எல்லாப் பெட்டிக்கும் பெயர் பெடல்தான் என்றாலும், வீட்டில் ஏற்கெனவே ஒரு பெடல் இருந்ததால் இவற்றைப் பெட்டி என்றே சொல்வார்கள்.

எனக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு சுவர். நான் பேக்கரியில் அடுப்பு பார்க்கிறவன். விடியுமுன் போய், ரொட்டி இறக்கி, மதியம் வந்து படுப்பேன். ஊர் வேலை செய்கிற நேரம்தான் எனக்குத் தூங்குகிற நேரம் என்பதால் சுவருக்கு அந்தப் பக்கத்துச் சத்தமெல்லாம் எனக்கு மனப்பாடம். மெஷின் ஓடினால் தூங்கிவிடுவேன். கிட்டார் வாசித்தால் இன்னும் நன்றாகத் தூங்குவேன், அதை அவரிடம் சொன்னதில்லை. அந்த மழை வாரத்தில் வந்த மூன்றாவது சத்தம்தான் என்னைத் தூங்கவிடவில்லை.

'கொர்ர்ர்' என்று தொடங்கும். நடுவில் 'பட், பட்' என்று வெடிக்கும். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் நின்றுவிடும். நின்றபிறகுதான் எரிச்சல் அதிகமாகும், ஏனென்றால் மறுபடி எப்போது வரும் என்று காது காத்துக்கொண்டே இருக்கும்.

முந்தின ஞாயிற்றுக்கிழமை ஒரு ஹோட்டல் ஹாலில் கச்சேரி. பாடுகிற பெண் கண்ணை மூடிக்கொண்டு மெதுவான பாட்டு ஒன்றை எடுத்திருக்கிறாள், துணைக்குக் கிட்டார் மட்டும். அங்கே வந்திருக்கிறது இந்தக் 'கொர்ர்ர்'. முன்வரிசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தலைக்கு மேலே மின்விசிறியை நிமிர்ந்து பார்த்தார்களாம். கீபோர்டு வாசிக்கிறவர்தான் குழுவுக்கு முதலாளி, எல்லோருக்கும் மாஸ்டர். மேடையில் சிரித்துக்கொண்டே இருந்தவர், இறங்கியதும் கிட்டார்காரரைத் தூணோரம் கூப்பிட்டு, அடுத்த ஞாயிறு ஒத்திகையில் இந்தச் சத்தம் வந்தால் பெட்டிகளையும் எடுத்துவர வேண்டாம், நீங்களும் வர வேண்டாம், வேறு ஆள் தயாராக இருக்கிறான் என்று சொல்லிவிட்டார்.

கிட்டார்காரர் வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் பொண்டாட்டியிடம் சொன்னது சுவரைத் தாண்டி எனக்குக் கேட்டது.

"உன் தம்பி கை வச்சதுலேருந்துதான் இதெல்லாம். ஞாயித்துக்கிழமைக்குள்ள சத்தம் நிக்கணும். நிக்கலைன்னா அவன் வேற எடம் பாத்துக்கட்டும்."

மெஷின் அன்றைக்கு அப்புறம் ஓடவில்லை.

தம்பி என்றால் தையல்காரியின் தம்பி. செல்போன் ரிப்பேர் கடையில் வேலை. எந்நேரமும் சட்டையில் ஈயம் உருக்கி ஒட்டுகிற சூட்டுக்கோல் வாசனை அடிப்பதால் எங்கள் மாடியில் எல்லோரும் அவனை ஈயம் என்று கூப்பிடுவோம். அவனும் திரும்பிப் பார்ப்பான். அம்மா போனபோது அவன் கைப்பிள்ளை. இவள்தான் இடுப்பில் வைத்துக்கொண்டு சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுக்கக் கற்றுக்கொண்டவள். பிறந்த வீடு என்று அவளுக்கு மிச்சம் இருந்தது அவன் ஒருவன்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வேலை கிடைத்து, ஒரு தகரப் பெட்டியோடு வந்து இறங்கினான்.

அவன் வந்த கதையை அவள் சிரித்துச் சிரித்துச் சொல்வாள். அந்த வாரம் ஒரு ஹோட்டல் ஊழியர்களுக்கு வெள்ளைக் கால்சட்டை தைத்துக் கொடுத்திருந்தாள். இடுப்பில் கறுப்புக் கொக்கி. முதல் சலவையிலேயே கொக்கி துருப்பிடித்துத் துணியெல்லாம் பழுப்புக் கறை. மூட்டையோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவள் கோபத்தில் கறுப்புக் கொக்கி டப்பாவை அப்படியே குப்பையில் கவிழ்த்துவிட்டு நிமிர்ந்தால், வாசலில் தம்பி நிற்கிறான். "வந்தவனுக்குத் தண்ணிகூடக் குடுக்கலண்ணே, ஓடிப்போய் வெள்ளைக் கொக்கி வாங்கிட்டு வாடான்னு அனுப்பிட்டேன்" என்பாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் வெள்ளைக் கொக்கிதான். எவர்சில்வர் மாதிரி மின்னும். மெஷின் மேஜையின் இழுப்பறையில் நூல்கண்டு, ஊசி, கத்தரி, சில்லறை, கொக்கி டப்பா எல்லாம் கிடக்கும். இழுப்பறைக்குச் சாவி உண்டு. சிவப்பு நூல் கட்டி, துவாரத்திலேயே தொங்கிக்கொண்டிருக்கும். பூட்டி நான் பார்த்ததில்லை.

ஈயம் வந்தபிறகுதான் பெட்டிகளுக்கு ஒரு ஒழுங்கு வந்தது. அதற்கு முன்னால் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஒயர், ஒவ்வொன்றுக்கும் ஒரு அடாப்டர் என்று தரையெல்லாம் பின்னிக் கிடக்கும். பையன் பலகை அறுத்து, அக்காவிடம் வெல்க்ரோ ஒட்டுப்பட்டை வாங்கிப் பெட்டிகளை ஒட்டி, ஒரு பெட்டிக்கும் இன்னொன்றுக்கும் இடையில் விரல் நீள ஒயர்களை அவனே ஈயம் வைத்துச் செய்துகொடுத்தான். அப்போது கிட்டார்காரர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நானும் ரொட்டித் தட்டு அடுக்கியதுபோல் இருக்கிறது என்று பாராட்டினேன். நல்ல மனுஷன்தான் அவர். விரல் வைத்தால் கிட்டார் பேசும். ஆனால் சந்தேகம் அவருக்குப் பசி மாதிரி, வேளை தவறாமல் வரும். கடைக்காரன் எடை போடும்போது தராசை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டார். பாலை முகர்ந்து பார்ப்பார். நான் சும்மா கொடுத்த பன்னைக்கூட ஒருமுறை திருப்பிப் பார்த்துத்தான் வாங்கினார். கல்யாணத்துக்கு முன்னால் ஏதோ ஒரு ஹாலில், அவருடைய நல்ல பெட்டியை எடுத்துக்கொண்டு அதே நிறத்தில் செத்த பெட்டி ஒன்றை எவனோ வைத்துவிட்டுப் போய்விட்டானாம். அதை நேற்று நடந்ததுபோல் சொல்வார்.

திங்கட்கிழமை விசாரணை தொடங்கியது. முதல் குற்றவாளி தையல் மெஷின். அதன் மோட்டார்தான் கரண்ட்டைக் கெடுக்கிறது என்று மதியம் முழுக்க நிறுத்தச் சொன்னார். அவள் நிறுத்திவிட்டுக் கையால் விளிம்பு தைத்தாள். மழைக்காலத்தில் பள்ளிக்கூடச் சீருடை வேலை குவிந்து கிடக்கும், கையால் தைத்தால் எந்தக் காலத்தில் முடியும். 'கொர்ர்ர்' வந்தது. அடுத்து பிரிட்ஜை அணைத்தார், முட்டையும் பாலும் உள்ளே வியர்த்தன. டியூப்லைட்டை அணைத்துவிட்டு இருட்டில் வாசித்தார். இருட்டிலும் வந்தது. பிறகு என் கதவைத் தட்டி, என் அறையில் என்னென்ன ஓடுகிறது என்று கேட்டார். ஒரு மனுஷன் தூங்க முயற்சி பண்ணிக்கொண்டிருக்கிறான், அதற்குக் கரண்ட் தேவையில்லை என்றேன். நம்பாமல் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

செவ்வாய்க்கிழமை ஈயம் அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்தான். நானும் எழுந்து, மீந்துபோன பன் ஒரு பொட்டலத்தோடு அங்கே போய் வாசல்படியில் உட்கார்ந்தேன். இனித் தூக்கம் வருகிற வழியில்லை, வேடிக்கையாவது பார்க்கலாம் என்றுதான். வெளியே மழை தூறிக்கொண்டே இருந்தது. உள்ளே ஈரத்துணி வாசனை. தையல்காரி டீ போட்டுக்கொடுத்தாள். அவள் யாரையும் பார்க்கவில்லை, டம்ளரை மட்டும் பார்த்து வைத்தாள்.

ஈயத்தின் வழி வேறு. அவன் எதையும் அணைக்கவில்லை. கிட்டாரிலிருந்து ஒயரை நேராக ஸ்பீக்கருக்கே கொடுத்தான், நடுவில் ஒரு பெட்டியும் கிடையாது. சத்தமே இல்லை. "அப்ப கிட்டாரும் சுத்தம், ஸ்பீக்கரும் சுத்தம், வீட்டுக் கரண்ட்டும் சுத்தம். பெட்டிங்களுக்குள்ளதான் இருக்கு மாமா" என்றான். இனி ஒவ்வொரு பெட்டியாகக் கழற்றிப் பார்க்க வேண்டியது, எதைக் கழற்றும்போது சத்தம் போகிறதோ அதுதான் ஆள்.

"மூத்ததைத் தொடாத" என்றார் கிட்டார்காரர்.

மூத்தது என்பது வரிசையில் முதலில் நிற்கிற மஞ்சள் பெட்டி. கிட்டாரின் சத்தத்தைக் கனமாக்குவது அதுதான், எப்போதும் அணையாமல் எரியும். கல்யாணமான முதல் வருஷம் தையல்காரி தைத்துச் சேர்த்த காசில் வாங்கிக்கொடுத்தது. கச்சேரிக்குக் கச்சேரி அதை எல்லோரிடமும் சொல்லிக் காட்டுவார். மஞ்சள் பெயிண்ட் அவர் குதிகால் பட்ட இடத்தில் மட்டும் தேய்ந்து தகரம் தெரியும். அது இல்லாவிட்டால் என் சத்தம் என் சத்தமாகவே இருக்காது, தவிர அதில் எவனும் கை வைத்ததில்லை, அடித்திருகாணிகூட அசையவில்லை பார் என்று திருப்பிக் காட்டினார். உண்மைதான். திருகாணித் தலையில் துருவும் அழுக்கும் அப்படியே மூடிக்கிடந்தன. சரி என்று ஈயம் அதை விட்டுவிட்டு மற்றவற்றைத்தான் கழற்றினான்.

எதிரொலிப் பெட்டியைக் கழற்றினான். சத்தம் நின்றது. கிட்டார்காரர் அந்தப் பெட்டியை முறைத்துப் பார்த்தார். இரண்டு பாட்டு வாசித்தார், மறுபடி 'கொர்ர்ர்'. அலைப் பெட்டியைக் கழற்றினான். நின்றது. இதுதான், இதுதான் என்றார். டீ ஆறுவதற்குள் திரும்பி வந்தது. எதைக் கழற்றினாலும் கொஞ்ச நேரம் நிற்கிறது, பிறகு வருகிறது. பலகையைத் தூக்கி மேஜைமேல் வைத்து ஈயம் கையால் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தான், வரவே இல்லை. தரையில் இறக்கி அவர் காலால் நாலு மிதி மிதித்ததும் வந்துவிட்டது.

கிட்டார்காரர் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, கிட்டாரை மடியில் கிடத்தினார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"நீ தொட்டா நிக்குது. நான் மிதிச்சா வருது. அது எப்படிடா?"

"அதான் மாமா எனக்கும் புரியல."

"எனக்குப் புரியுது. எங்க நிக்கும், எங்க வரும்னு தெரிஞ்சவன் கைல நிக்கும்."

தையல்காரியின் ஊசி துணியில் பாதி இறங்கி நின்றது. பையன் முகம் சிவந்துபோனது, ஆனால் குரலை உயர்த்தவில்லை. பெட்டிகளைத் திறந்து உள்ளே பார்த்துவிடலாம் என்றான். அடியில் நாலு திருகாணிதான், ஐந்து நிமிஷ வேலை.

"திறக்கக் கூடாது" என்றார் அவர்.

ஏன் என்று கேட்டான். வாரண்டி போய்விடும் என்றார். எல்லாமே பழசு, எதற்குமே வாரண்டி கிடையாது என்றான் அவன். திறந்தால் உள்ளே தூசி போகும் என்றார். அப்போதுதான் ஈயம் ஒரு பெட்டியைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தான். "மாமா, இந்த ஸ்க்ரூ தலையெல்லாம் பளபளன்னு தேஞ்சிருக்கு. யாரோ அடிக்கடி திறந்திருக்காங்க" என்றான்.

"அதைத்தான் நானும் கேக்கறேன்" என்றார் கிட்டார்காரர். "இந்த வீட்ல ஸ்க்ரூ டிரைவர் பையில வச்சுக்கிட்டுச் சுத்தறது யாரு?"

அதோடு அன்றைய பேச்சு முடிந்தது. ஈயம் சட்டையை மாட்டிக்கொண்டு மழையிலேயே கடைக்குப் போய்விட்டான்.

உள்ளதைச் சொல்கிறேன், எனக்கும் பையன்மேல் ஒரு கண் விழுந்தது. செல்போன் கடையில் இருப்பவனுக்கு நல்ல உதிரியை எடுத்துவிட்டு மட்டமானதை வைக்கத் தெரியாதா என்ன. ஆனால் எனக்கு இன்னொன்றும் உறுத்தியது. தையல்காரி துணி கொடுக்கப் போகிற மதியங்களில் கிட்டார்காரர் கதவைச் சாத்திக்கொள்வார். கேட்டால் கம்பி மாற்றுவதாகச் சொல்வார். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு ஒரு சின்னச் சத்தம் கேட்கும், எவர்சில்வர் தட்டில் ஏதோ விழுகிற மாதிரி, 'டிங், டிங்' என்று. கிட்டார் கம்பி மாற்றுகிறவன் எதற்குத் தட்டில் திருகாணி போட வேண்டும்?

மறுநாள் காலை ஈயம் பேக்கரிக்கே வந்துவிட்டான். அடுப்புச் சூட்டில் நின்று, கையைக் காயவைப்பதுபோல் நீட்டிக்கொண்டு, "அண்ணே, மாமா எதையோ மறைக்கறாரு" என்றான். அவன் மனசிலும் ஒரு கணக்கு ஓடியிருந்தது. பெட்டியை எங்கேயோ அடகு வைத்து, உள்ளிருப்பதை விற்று, வெறும் கூட்டை வைத்துக்கொண்டு பழியைத் தன்மேல் போடுகிறாரோ என்று கேட்டான். வெறும் கூடு எப்படியப்பா பாடும் என்றேன். அவனுக்கும் தெரியும். "எனக்குச் சத்தம்கூடப் பெரிசில்லண்ணே. அக்கா என்னைப் பாத்த பார்வைதான்" என்று சொல்லிவிட்டு ஒரு ரொட்டி வாங்கிக்கொண்டு போனான்.

அந்தப் பார்வை பற்றி வெள்ளிக்கிழமை தையல்காரியே சொன்னாள். குடையை மடக்கிக்கொண்டு நான் மாடி ஏறும்போது படிக்கட்டில் துணிமூட்டையோடு உட்கார்ந்திருந்தாள். மழை விடட்டும் என்று உட்கார்ந்திருப்பதாகச் சொன்னாள். மழை விட்டு வெகுநேரம் ஆகியிருந்தது.

"அண்ணே, நேத்து அவன் தகரப் பெட்டியத் திறந்து பாத்துட்டேன்" என்றாள்.

நான் குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு ஒரு படி கீழே உட்கார்ந்தேன்.

"ஒண்ணும் இல்ல. நாலு சட்டை. நான் சொல்லிக்குடுத்த மாதிரியே மடிச்சு வச்சிருக்கான். அதை மறுபடி அதே மாதிரி மடிச்சு வைக்க எனக்குக் கை வரலண்ணே. வளத்தவளே திறந்து பாத்தா அப்புறம் அவனுக்குன்னு யாரு இருக்கா?"

எனக்குக் கஷ்டமாக இருந்தது. மூட்டையைத் தூக்கிக் கீழே கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த 'டிங் டிங்' சத்தத்தைச் சொல்லலாமா என்று நாக்குவரை வந்தது. புருஷன் பொண்டாட்டிக்கு நடுவில் ரொட்டிக்காரனுக்கு என்ன வேலை என்று விழுங்கிவிட்டேன்.

சனிக்கிழமை மதியம் மழை கொட்டியது. மறுநாள் ஒத்திகை. கிட்டார்காரர் புது ஒயர்கள் வாங்கிவந்து, ஈயம் செய்த விரல் நீள ஒயர்களையெல்லாம் பிடுங்கி ஒரு ஓரமாக எறிந்துவிட்டு மாட்டிப் பார்த்திருக்கிறார். 'கொர்ர்ர், பட்.' முன்னைவிட நன்றாகவே வந்தது. நான் ரொட்டியோடு உள்ளே போனபோது அவர் பலகைக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். கண்ணெல்லாம் பள்ளம். ஈயம் சுவரோரம் தகரப் பெட்டியைத் திறந்துவைத்துச் சட்டைகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தான். கடையில் கூட வேலை செய்கிறவன் அறையில் ஒரு பாய் போட இடம் இருக்கிறதாம். சொல்லும்போது யாரையும் குறை சொல்லவில்லை, அதுதான் இன்னும் மோசமாக இருந்தது.

தையல்காரி மெஷினை நிறுத்தினாள். இழுப்பறையை இழுத்து, மெஷினுக்கு என்று வைத்திருக்கும் ஒல்லி ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். வந்து தரையில் உட்கார்ந்து, பலகையை மடியில் கவிழ்த்து, அலைப் பெட்டியை ஒட்டுப்பட்டையிலிருந்து 'சர்ர்' என்று பிய்த்தாள்.

"என்ன பண்ற? வாரண்டி" என்றார் அவர்.

"போகட்டும்."

"சொன்னாக் கேளு. நாளைக்கு ஒத்திகை இருக்கு."

"என் தம்பி வெளிய போறான். அதுக்கு முன்னாடி உள்ள என்ன இருக்குன்னு நான் பாக்கணும்."

அவர் கை நீட்டினார். அவள் ஸ்க்ரூ டிரைவரை அவர் பக்கம் திருப்பவில்லை, ஆனாலும் அவர் கையை இழுத்துக்கொண்டார். நாலு திருகாணியும் தொட்டவுடன் கழன்றன. அடித்தகட்டைத் திறந்தாள். பச்சைப் பலகை, சின்னச் சின்ன மணிகள் மாதிரி உதிரிகள், ஒயர்கள். தகட்டின் மூலையில் செல்லோ டேப்பால் ஒட்டி ஒரு வெள்ளைக் கொக்கி.

பாவாடை இடுப்பில் தைக்கிற கொக்கி. அவள் டப்பாக் கொக்கி. அதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பித் தம்பியைப் பார்த்தாள்.

"நான் இல்லக்கா" என்றான் அவன்.

அவள் எதிரொலிப் பெட்டியைத் திறந்தாள். அதே மூலை, அதே டேப், ஒரு வெள்ளைக் கொக்கி. அடுத்ததிலும் இருந்தது. அதற்கு அடுத்ததிலும் இருந்தது. எல்லாம் அசையாமல் ஒட்டிக்கிடந்தன. டேப்பின் ஓரத்தை நகத்தால் நீவி நீவி ஒட்டியிருந்தார்கள். ஈயம் பரபரவென்று ஒட்டுகிற ஜாதி, இவ்வளவு பொறுமை அவனுக்கு வராது. கிட்டார்காரருடைய விரல் அது. எனக்கே புரிந்தது, அவளுக்குப் புரியாதா.

"அடையாளம்" என்றார் அவர், தரையைப் பார்த்து. "ஹால்ல எவனாவது மாத்தி வச்சுட்டா தெரியணும்ல. வெளிய மார்க் போட்டா அவனும் போட்டுக்குவான். இது யாருக்கும் தெரியாது. ஹாலுக்காகத்தான் வச்சேன்."

கேட்பதற்குச் சரியாகத்தான் இருந்தது. ஈயம்கூடத் தலையாட்டினான், பாவம், அவனுக்கு நம்பிவிட ஆசை. எனக்குத்தான் வாய் நிற்கவில்லை.

"ஹாலுக்காக வச்சதை மத்தியானம் மத்தியானம் கதவைச் சாத்திக்கிட்டு ஏன் சார் திறந்து பாத்தீங்க? தட்டுல ஸ்க்ரூ விழற சத்தம் எனக்குக் கேக்குமே."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் இனி அந்த வீட்டு டீ எனக்குக் கிடையாது என்று தெரிந்தது. ஈயம் கையிலிருந்த சட்டையை மடிப்பதை நிறுத்தினான். தேய்ந்த திருகாணித் தலைகளையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தான். ஹால்காரன் யாரும் இந்த அறைக்கு வந்ததில்லை. இங்கே படுத்துத் தூங்கி எழுந்தவன் அவன் ஒருவன்தான். பலகை செய்து கொடுத்த நாளிலிருந்து தன்னைத் திருடன் என்றே வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தார் என்பது அவன் முகத்தில் மெதுவாக இறங்கியது. ஆனாலும் அவன் ரிப்பேர்காரன். அவமானத்துக்கு நடுவிலும் அவன் கண் பெட்டிகளுக்குத்தான் போனது.

"இதெல்லாம் கெட்டியா ஒட்டித்தான் இருக்கு. எதையும் தொடல" என்றான். "அப்ப சத்தம் இதுலேருந்து வரல. மிச்சம் மூத்தது ஒண்ணுதான். அதைத்தான் ஒரு தடவைகூட நாம கழட்டவே இல்ல."

"அது வேண்டாம்" என்றார் கிட்டார்காரர்.

இந்த முறை அவர் சொன்னவிதம் வேறாக இருந்தது. கோபம் இல்லை. கெஞ்சுவதுபோல் இருந்தது. எதையோ அப்போதுதான் ஞாபகம் வந்தவர்போல் மஞ்சள் பெட்டியைப் பார்த்தார். "அது நல்லாத்தான் இருக்கு. அது நீ வாங்கிக் குடுத்தது. அதை விட்டுடும்மா."

அவள் அதற்குள் பிய்த்துவிட்டாள். இந்தத் திருகாணிகள் எளிதில் வரவில்லை. ஒன்று துருவில் கடித்துக்கொண்டு நின்றது. ஈயம் கை கொடுக்க வந்தான், வேண்டாம் என்றாள். முழு உடம்பையும் கையில் வைத்து அழுத்தித் திருப்பினாள். தகடு கழன்றதும் உள்ளிருந்து ஏதோ உருண்டு அவள் உள்ளங்கையில் விழுந்தது. கூடவே ஒரு துண்டு டேப், காய்ந்து பழுத்து, சருகு மாதிரி.

ஈயம் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தேவிட்டான். வாரம் முழுக்கப் பட்ட பாடு அந்தச் சிரிப்பில் இருந்தது. "இதுதான்க்கா. டேப் காஞ்சு விழுந்துருச்சு. இரும்பு, உள்ள உருண்டுக்கிட்டே இருந்துருக்கு. மிதிச்சா போய் எங்கயாவது ஒட்டிக்கும். பலகையத் தூக்கினா நகந்துரும். அதான் எதைக் கழட்டினாலும் கொஞ்ச நேரம் நின்னுச்சு." சொல்லிக்கொண்டே அவன் மஞ்சள் பெட்டியை வாங்கித் தகட்டை மூடினான், திருகினான், பலகையில் ஒட்டினான். தூக்கி எறியப்பட்ட தன் ஒயர்களையே பொறுக்கிவந்து மாட்டினான். ஸ்பீக்கரைப் போட்டு, சத்தத்தை முழுக்கத் திருகிவைத்து, தரையில் வைத்துக் காலால் ஓங்கி ஓங்கி மிதித்தான். ஒன்றும் வரவில்லை. மூச்சு விடுகிற சத்தம்கூட ஸ்பீக்கரில் இல்லை. வெளியே மழைதான் கேட்டது.

"முடிஞ்சுது மாமா. நாளைக்குத் தைரியமாப் போங்க" என்றான்.

கிட்டார்காரர் பலகையைப் பார்க்கவே இல்லை. பொண்டாட்டியின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அந்தக் கொக்கியைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள். பழுப்பாகத் துரு உதிர்ந்து ரேகையெல்லாம் படிந்தது. துருவுக்கு அடியில் கறுப்பு.

"இது கறுப்புக் கொக்கி" என்றாள்.

விரலை விரித்து எங்களுக்குக் காட்டினாள்.

"டப்பாவோட குப்பையில கொட்டினேன். அதுக்கப்புறம் ஒரு கறுப்புக் கொக்கி இந்த வீட்டுக்குள்ள வரல. அன்னிக்குத்தான் தம்பி வந்தான்." அவள் நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள். "இதை வச்சப்ப இந்த வீட்ல யாருங்க இருந்தா?"

அவர் வாயைத் திறந்தார். ஹால் என்று சொல்ல வந்தாரோ என்னவோ, வரவில்லை. ஈயம் காலைப் பலகையிலிருந்து எடுத்துக்கொண்டான். அவனுக்கு இப்போதுதான் புரிந்தது. எனக்கு உடனே என் அறைக்குப் போய்விட வேண்டும்போல் இருந்தது, ஆனால் கதவு அவளுக்குப் பின்னால் இருந்தது.

"நீங்களும் நானும் மட்டும்தான் இருந்தோம்" என்று அவளே சொன்னாள். "ஹாலுக்காகன்னா என்கிட்ட சொல்லியிருப்பீங்க. நான் தச்சு வாங்கிக் குடுத்த பெட்டி. என் டப்பாலேருந்தே கொக்கி எடுத்து வச்சிருக்கீங்க. நான் மாத்தி வச்சுருவேன்னு."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. தம்பியிடம் திரும்பி, சட்டையையெல்லாம் கொடியில் போடுடா, ஈரத்தில் மடித்து வைத்தால் வாடை அடிக்கும் என்றாள். அவன் தகரப் பெட்டியை மூடிச் சுவரோரம் தள்ளினான். அவள் எழுந்து மெஷினுக்குப் போனாள். தகடுகளிலிருந்து பிய்த்த வெள்ளைக் கொக்கிகளை ஒவ்வொன்றாக டப்பாவில் போட்டாள். கறுப்பை அவற்றோடு சேர்க்காமல் இழுப்பறையின் மூலையில் தனியாக வைத்தாள். இழுப்பறையைத் தள்ளி மூடினாள். பிறகு, நான் அந்த வீட்டுக்குப் பக்கத்தில் குடிவந்த நாளிலிருந்து ஒருமுறைகூடப் பார்க்காததைச் செய்தாள். துவாரத்தில் தொங்கிக்கொண்டிருந்த சாவியைத் திருப்பினாள். அதை உருவி, சிவப்பு நூலோடு கழுத்துச் சங்கிலியில் முடிந்துகொண்டாள்.

'டக்' என்று ஒரு சின்னச் சத்தம்தான். சத்தமே இல்லாத அந்த அறையில் அது நன்றாகக் கேட்டது. கிட்டார்காரர் திடுக்கிட்டு ஸ்பீக்கரைத் திரும்பிப் பார்த்தார்.